மீனாட்சியம்மாள் பாடித் தொடங்கிய கூட்டங்கள்

யாழ்ப்பாணத்தில் தொழிற்சங்கம் என்று பேச்செடுத்தால் ஆசிரியர் சங்கம், எழுதுவினைஞர் சங்கம், காங்கேசன்துறை சீமெந்து ஆலை என்று கதை போகும். பெயர்கள் வரிசையாக வரும், எல்லாம் ஆண்களின் பெயர்கள். மீனாட்சியம்மாள் நடேசையர் என்ற பெயரை ஊரில் எவரும் எனக்குச் சொன்னதில்லை. முதல் நியமனம் மலையகத்து ஹட்டனில் கிடைத்து, அங்கே கந்தோரில் கூட வேலை செய்த ஒரு அக்கா சொல்லித்தான் கேள்விப்பட்டேன். அந்த அக்காவின் பாட்டி தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறித்தவர். "எங்க பாட்டி அந்தம்மா பாடுனதைக் கேட்டிருக்கு" என்று அவர் சொன்னபோது, நான் கோப்பை மூடிவைத்துவிட்டுக் கதை கேட்டேன்.

கோ. நடேசையர் தஞ்சாவூர்க்காரர். 1920களில் இலங்கையில் பத்திரிகை நடத்தியவர். 1931இல் ஹட்டனை மையமாக வைத்து அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கினார். மீனாட்சியம்மாள் அவருடைய மனைவி. இந்த ஒரு வரியோடு அவரை நிறுத்திவிடுவது பெரிய அநியாயம் என்று நினைக்கிறேன். நடேசையரின் 'தேசபக்தன்' பத்திரிகை வேலையிலும் சங்க வேலையிலும் மீனாட்சியம்மாளுக்கு நேரடிப் பங்கு இருந்தது. மேடையேறினார், எழுதினார், பாட்டுக் கட்டினார், கட்டிய பாட்டைத் தானே பாடினார்.

அன்றைய தோட்டம் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் இந்தப் பாட்டின் அருமை விளங்கும். தோட்டம் துரையின் சொத்து. வெளியாள் கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு. நடேசையர் புடவை வியாபாரி வேடத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்குள் போனார் என்பது மலையகத்தில் எல்லாரும் சொல்லும் கதை. உள்ளே கங்காணியின் ஆட்சி, விடியற்காலையில் பிரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, பிறகு மலை, சாயங்காலம் கொழுந்து நிறுவை. 1927ஆம் ஆண்டுச் சட்டம் குறைந்தபட்சக் கூலிக்கு வழி செய்தது. அதன்படி மேல்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்று நிர்ணயித்தார்கள். கூடை சுமந்து தேயிலையைப் பறிப்பவள் பெண். அவளுக்கு 11 சதம் குறைவு என்று சட்டமே எழுதிவைத்தது. இந்த வித்தியாசம் போய்ச் சம கூலி வர 1984 ஆகிவிட்டது.

இப்படிப்பட்ட இடத்தில் எழுத வாசிக்கத் தெரியாத பெண்களிடம் துண்டுப்பிரசுரத்தைக் கொடுத்து என்ன செய்வது? நாள் முழுக்க நின்று களைத்தவளிடம் ஒரு மணித்தியாலம் பிரசங்கம் செய்தால் கேட்பாளா? மீனாட்சியம்மாள் கூட்டத்தைப் பாட்டோடு தொடங்கினார். சனங்களுக்கு ஏற்கெனவே வாயில் இருந்த மெட்டுகளில் கூலி, கங்காணி, துரை, நாடு கடத்தல் எல்லாவற்றையும் போட்டார். பிரசுரமாக இருந்தால் கங்காணி பறித்துக்கொள்ளலாம். பாட்டு மறுநாள் கொழுந்து மலைக்கும் போகும். 1940இல் அவருடைய பாட்டுகள் புத்தகமாக வந்தன. அதற்கு முந்தின வருடம்தான் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்சம்பளத்துக்கு வேலை செய்த இந்தியர்களை நிறுத்தத் தொடங்கியிருந்தார்கள். 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் பொலிஸ் சுட்டுக் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். அந்த நேரத்தில்தான் ஒரு பெண் பாட்டுப் புத்தகம் போட்டிருக்கிறார்.

நான் யாழ்ப்பாணத்துக்கு மாற்றலாகி வந்த பிறகு, கிளைச் சங்கத்தில் செயற்குழுவுக்கு வா என்று கேட்டார்கள். கூட்டம் எப்போதும் நாலரைக்கு. கந்தோர் முடிந்த கையோடு கதிரைகளை வட்டமாக இழுத்துப் போடுவார்கள். பெண்கள் வாசல் பக்கம் இருப்பார்கள், கைப்பை மடியில். தலைவர் நாட்டு நிலைமை சொல்லி முடிக்கும்போது பாதிப் பேர் எழும்பிவிடுவார்கள். "பெண்களுக்குச் சங்க உணர்வு இல்லை" என்று ஒருவர் வாய்கூசாமல் சொன்னார். பருத்தித்துறையிலிருந்து வரும் ஓர் அக்காவிடம் ஏன் கடைசிவரை இருப்பதில்லை என்று கேட்டேன். "பிள்ளை, கதைக்கிறது நல்லாத்தான் இருக்கு. இந்த பஸ்ஸை விட்டா நான் வல்லைவெளி தாண்ட இருட்டிப்போகும். பிள்ளையளுக்கு ஆர் சமைக்கிறது?" என்றார். சங்க உணர்வுக்கு என்ன குறை?

எனக்குப் பெரிதாக உறுத்தியது அமைய ஊழியர்களின், அதாவது நிரந்தரமாக்கப்படாதவர்களின் விஷயம். கூட்டிப் பெருக்கும் பெண்கள், கழிவறை கழுவும் பெண்கள். எத்தனையோ வருடமாக ஒரே இடத்தில் வேலை. ஆனால் இடையிடையே ஒரு நாள் "நாளைக்கு வரவேண்டாம்" என்று சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு நாள் வரவுப் புத்தகத்தில் சேவை முறிவாகப் பதியும். நிரந்தரமாக்கும் பேச்சு வரும்போது அந்த முறிவைத்தான் காட்டுவார்கள். சுற்றறிக்கை அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்தது. நான்கு முறை வாசித்தால்தான் எனக்கே விளங்கும் தமிழ்.

அப்போது ஹட்டன் அக்கா சொன்ன கதை மனதில் வேலை செய்தது. எனக்குப் பாட வராது. ஆனால் எங்கே போகவேண்டும் என்று தெரிந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர்கள் சோற்றுப் பார்சல் அவிழ்க்கும் கொட்டகைக்கே போய் உட்கார்ந்தேன். சுற்றறிக்கையை வரி வரியாகப் பேச்சுத் தமிழில் சொன்னேன். புட்டை உதிர்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா கையை நிறுத்தி, "அப்ப, போன மாசம் என்னை நிப்பாட்டின அந்த நாள் எதிலை எழுதியிருக்கு? அதை நான் பாக்கலாமோ?" என்று கேட்டார். எங்கள் செயற்குழுவில் எவரும் அதுவரை கேட்காத கேள்வி. தலைவர் உரையின் எந்த வரியையும்விட அது கூர்மையாக இருந்தது. அந்த வாரமே வரவுப் புத்தகத்தின் பிரதி கேட்டு அவர்கள் பெயரில் கடிதம் போனது. மூவர் கையெழுத்து வைத்தார்கள், மற்றவர்கள் பெருவிரல் அடையாளம் இட்டார்கள்.

அரசியல் என்று வந்தால் எங்களுக்கும் மலையகத்துக்கும் உள்ள கணக்கை நேராகப் பார்க்கவேண்டும். 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது இலங்கைப் பெண்களுக்கும் வாக்கு வந்தது. யாழ்ப்பாணத்திலோ இளைஞர் காங்கிரஸின் பகிஷ்கரிப்பால் அந்தத் தேர்தலே நடக்கவில்லை. எங்கள் பெண்கள் 1934 வரை காத்திருந்தார்கள். மலையகத்தாருக்குக் கிடைத்த வாக்கோ 1948, 1949 குடியுரிமை, தேர்தல் சட்டங்களோடு போய்விட்டது. நடேசையர் 1947இலேயே காலமாகிவிட்டார். மலையகத்தாரின் குடியுரிமைக் கேள்வியில்தான் தமிழ்க் காங்கிரஸ் பிளந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது. இவ்வளவும் எங்கள் வீடுகளில் தேர்தல் கதையாகப் பேசப்படும். ஆனால் அந்த மக்களைத் திரட்டிய பெண்ணைப் பற்றி ஒரு சொல் இருக்காது. தோட்டங்களில் கணக்கப்பிள்ளையாக இருந்த யாழ்ப்பாணத்தார் எத்தனை பேர், அங்கே படிப்பித்த ஆசிரியர்கள் எத்தனை பேர். அவர்களுக்கு அந்தப் பெயர் தெரியாமலா இருந்திருக்கும்?

அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு நான் இரண்டு தீர்மானங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒன்று, கிளைக் கூட்டம் மத்தியான நேரத்தில் நடக்கவேண்டும். மற்றது, அமைய ஊழியர்களிலிருந்து ஒரு பெண் செயற்குழுவில் இருக்கவேண்டும். முன்மொழிய நான் இருக்கிறேன். வழிமொழிய வரவுப் புத்தகத்தைக் கேட்ட அந்த அம்மா சம்மதித்துவிட்டார்.