எம்.எம்.டி.ஏ. பத்திரத்தை வைத்து லோன் வாங்கிய கதை

எம்.எம்.டி.ஏ. (மெட்ராஸ் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்; இப்போது சி.எம்.டி.ஏ., சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) எழுதிக் கொடுத்த பழைய கிரயப் பத்திரம் வீட்டில் இருக்கிறதா? வங்கிப் பக்கம் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் பத்திரம் 1980-களில் அப்பா பெயருக்குப் பதிவானது. மாடி எடுக்க லோன் கேட்டோம். வில்லங்கம், வீட்டு வரி ரசீது எல்லாம் சிக்கல் இல்லாமல் முடிந்தது. லீகல் ஒப்பினியனுக்காக வங்கி வக்கீலிடம் போன ஃபைல் மட்டும் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. "வித்தவங்க எம்.எம்.டி.ஏ.ன்னு இருக்கு. இப்ப அப்படி ஒரு அமைப்பே இல்லையே. அதுதான் சி.எம்.டி.ஏ.ங்கிறதுக்கு என்ன ஆதாரம்?" என்றார் அவர்.

அரும்பாக்கத்தில் எம்.எம்.டி.ஏ. காலனி என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வழி சொல்லும். "ஊருக்கே தெரியும் சார்" என்றேன். "ஊருக்குத் தெரியும்னு ஒப்பினியன்ல எழுத முடியாது" என்றார். அதில் நியாயம் இருந்ததுதான் இன்னும் கடுப்பு.

கிளையில் இருந்தவர் நோட்டரி அஃபிடவிட் போதும் என்றார். காசு கொடுத்து சீல் எல்லாம் குத்தி வாங்கிக்கொண்டு போனால், வக்கீல் இரண்டாம் பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை. "நீங்க சத்தியம் பண்ணினா அரசாங்க அமைப்போட பேர் மாறிடுமா?" அந்தக் காசு போனதுதான். அடுத்து, சி.எம்.டி.ஏ.விடமே கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகைக்குக் கொண்டுபோக மனுவும் எழுதிவிட்டேன்.

தடுத்தவர் எதிர்வீட்டு ஐயா, ஓய்வுபெற்ற சார்பதிவாளர். "கடிதம் எதுக்கு தம்பி? சட்டமே இருக்கே."

மெட்ராஸ் சென்னையானது வெறும் அறிவிப்பால் இல்லை. அதற்கென்றே சட்டம் போட்டார்கள்: 1996-ஆம் ஆண்டின் 28-ஆவது தமிழ்நாடு சட்டம். எம்.எம்.டி.ஏ. இயங்கியதும் சி.எம்.டி.ஏ. இயங்குவதும் ஒரே 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ். ஆக, பெயர்தான் மாறியது, அமைப்பு அதேதான். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் இன்றைய பிரதியை எடுத்தால் 'மெட்ராஸ்' இருந்த இடத்தில் 'சென்னை'. அதன் தலையில் ஒரு குட்டி எண். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில், அந்த 1996 சட்டத்தால் மாற்றப்பட்டது என்று அடிக்குறிப்பு.

அந்தப் பக்கத்தையும் 1996 சட்டத்தின் நகலையும் பிரிண்ட் எடுத்து, அடிக்குறிப்பில் மஞ்சள் கோடு போட்டு நீட்டினேன். வக்கீல் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். "இதை முன்னாடியே கொடுத்திருக்கலாமே!" என்றார். இதைத்தான் கேட்கிறோம் என்று முன்னாடியே அவர் சொல்லியிருக்கலாம். இத்தனைக்கும் அவர் லெட்டர்ஹெட்டில் கொட்டை எழுத்தில் 'மெட்ராஸ் ஹைகோர்ட்'. ஹைகோர்ட்டின் பெயர் மாநிலச் சட்டத்துக்குள் வராது, நாடாளுமன்றம்தான் மாற்ற வேண்டும். 2016-இல் மக்களவைக்கு வந்த மசோதாவும் நிறைவேறவில்லை. வாய் வரை வந்தது, லோன் கையெழுத்தாகாமல் இருந்ததால் விழுங்கிவிட்டேன்.

லீகல் ஆட்சேபணை எதுவானாலும் எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையை நம்பி நோட்டரியிடம் ஓடாதீர்கள். அந்த இரண்டு பிரிண்டையும் தாய்ப்பத்திர நகலோடு முதல் நாளே சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.