கனிங் ரவுண் பெடியன்

எங்கள் காலத்தில் கல்லூரி அணியில் உதைபந்தாடிய எவரும் அதைப் பிழைப்பாக நினைத்ததில்லை. கெட்டிக்காரனை வங்கியோ பொலிசோ கொழும்புக்குக் கூப்பிடும். அங்கேயும் உத்தியோகத்துக்குத்தான் சம்பளம். "விளையாடினால் காசு தருவினமோ சேர்?" என்று கேட்டவனுக்கு விளையாட்டுப் பொறுப்பாசிரியர் சொன்ன பதில்: "முதல் கணக்கைச் செய்."

கிழக்கு லண்டனில் ஈஸ்ற்ஹாமில் குடியேறிய பிறகுதான் அந்தக் கேள்விக்கு விடையாக வாழ்ந்த ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். ஜாக் லெஸ்லி, பக்கத்துக் கனிங் ரவுணில் பிறந்தவர். தகப்பன் ஜமெய்க்காக் கறுப்பினத்தவர், தாய் ஆங்கிலப் பெண். பார்க்கிங் ரவுண் என்ற அமெச்சூர் கழகத்துக்குச் சம்பளமில்லாமல் கோல்களாகக் குவித்தார். 1921இல் தென்மேற்கு இங்கிலாந்தின் பிளிமத் நகரக் கழகமான பிளிமத் ஆர்கைல் அவரைத் தொழில்முறை ஆட்டக்காரராக எடுத்தது. அப்படிக் கையெழுத்து வைத்தால் வாரச் சம்பளம் உண்டு. ஆனால் 1922 முதல் எவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கும் 8 பவுண் தான் உச்சவரம்பு. கழகம் விட்டாலொழிய வேறு கழகத்துக்குப் போகவும் முடியாது. ஒருவகையில் அரைக் கட்டு அடிமைத்தனம் என்றே நான் சொல்வேன்.

அணியில் நிரந்தர இடம் பிடிக்க அவருக்குச் சில பருவங்கள் எடுத்தன. பிறகு இடது கரையில் சமி பிளாக்கோடு சேர்ந்து ஆடிய ஆட்டம் பெரும் பேரெடுத்தது. ஆர்கைல் தொடர்ந்து 6 பருவங்கள் மூன்றாம் பிரிவின் தெற்குக் குழுவில் இரண்டாம் இடம். முதலிடத்துக்கு மட்டுமே மேல் பிரிவுக்கு ஏறும் உரிமை. 1930இல்தான் ஏறினார்கள். மொத்தம் 401 ஆட்டங்களில் 137 கோல்.

1925இல் முகாமையாளர் பொப் ஜாக் அவரைக் கூப்பிட்டு, இங்கிலாந்து அணிக்குத் தெரிவாகியிருக்கிறாய் என்றார். ஊரே கொண்டாடியது. சில நாளில் பெயர் காணாமல் போனது. தேர்வாளர்கள் தன் ஆட்டத்தைப் பார்க்க வரவில்லை, முகத்தைப் பார்க்கத்தான் வந்தார்கள் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். ஒக்ரோபர் 24, அவர் இல்லாத இங்கிலாந்து அணி பெல்பாஸ்ற்றில் அயர்லாந்தோடு 0-0 எனச் சமன் செய்தது. அதேநாள் ஆர்கைல் போர்ண்மத்தை 7-2 என வென்றது. லெஸ்லிக்கு 2 கோல். கறுப்பினத்தவர் ஒருவர் இங்கிலாந்தின் மூத்தோர் அணியில் ஆட 1978 வரை, விவ் அன்டர்சன் வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

பந்தின் வாயைக் கட்டிய தோல்நாடா கண்ணில் பட்ட காயத்தோடு அவரது ஆட்டம் முடிவுக்கு வந்தது. பிறகு கிழக்கு லண்டனில் தன் பழைய தொழிலான கொதிகலன் செய்யும் வேலை. 1960களில், முதிய வயதில், எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருந்த வெஸ்ற்ஹாம் மைதானத்தில் ஆட்டக்காரர்களின் சப்பாத்துத் துடைத்தார். உலகக் கிண்ணம் தூக்கிய பொபி மூரின் சப்பாத்தும் அதில் ஒன்று. நினைக்க நினைக்க எனக்கு ஆறாதது இதுதான்.

1988இல் இறந்தார். 2022இல் சிலை வைத்தார்கள், 2023இல் நாட்டு அணியில் ஆடுவோருக்குத் தரும் இங்கிலாந்துத் தொப்பியையும் குடும்பத்திடம் கொடுத்தார்கள். சிலை பிளிமத்தில் ஹோம் பார்க் மைதானத்துக்கு வெளியே நிற்கிறது. அந்தப் பக்கம் போகும் சங்கத்து அன்பர்கள் பார்த்து வரலாம், ரயில் லண்டன் பாடிங்ரன் நிலையத்திலிருந்து.