ஒத்திகைக்குப் பிறகு உட்கார்ந்து பேசுவது

மருத்துவமனை வார்டில் 'கோட் புளூ' (நோயாளியின் இதயம் நின்றுபோகும் அவசர நிலை) ஒத்திகை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். பொம்மைக்கு நெஞ்சு அழுத்தம் கொடுத்து, ஷாக் கொடுத்து, வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டு எல்லோரும் கிளம்பப் பார்ப்பார்கள். ஆனால் படிப்பினை கிடைப்பது அதன் பிறகு உட்கார்ந்து பேசும்போதுதான். பத்து நிமிட ஒத்திகைக்கு இருபது நிமிடப் பேச்சாவது வேண்டும். நேரம் போதவில்லையென்றால் ஒத்திகையைச் சுருக்குங்கள், பேச்சில் கை வைக்காதீர்கள்.

நாற்காலிகளை வட்டமாகப் போட வேண்டும். டாக்டர்கள் உட்கார்ந்து, சிஸ்டர்கள் பின்னால் நின்றால் பேச்சு அங்கேயே முடிந்துபோகும். ஆக்சிஜன் சிலிண்டர் தள்ளி வந்த அட்டெண்டருக்கும் நாற்காலி உண்டு.

முதல் இரண்டு மூன்று நிமிடம் மனதில் இருப்பதைக் கொட்ட விடுங்கள். படபடப்பு அடங்காதவர் காதில் எதுவும் ஏறாது. பிறகு, நேரம் குறித்த சிஸ்டரிடம் நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொல்லுங்கள். காரணம் வேண்டாம், நடந்தது மட்டும். இதைத் தாண்டிவிட்டு நேராக 'ஏன்' என்று ஆரம்பித்தால் ஆளுக்கொரு ஒத்திகையை மனதில் வைத்துக்கொண்டு வாதாடுவார்கள்.

அலசுவதற்கு இரண்டு விஷயம் போதும். உதாரணமாக, ஷாக் கொடுக்கும் கருவியின் பேடை நெஞ்சில் ஒட்டும்போது நெஞ்சு அழுத்தம் 25 நொடி நின்றது. அந்த இடைவெளி 10 நொடிக்குள் இருக்க வேண்டும். "ஏன் நிறுத்துனீங்க?" என்று கேட்டால் மன்னிப்புதான் வரும். "25 நொடி கை நின்னதைப் பார்த்தேன் சிஸ்டர். ரத்த ஓட்டம் நின்னுடுமேன்னு எனக்குக் கவலையா இருந்துச்சு. அப்ப உங்க மனசுல என்ன ஓடுச்சு?" பார்த்தது, அதைப் பற்றிய நம் கவலை, பிறகு கேள்வி: இந்த வரிசையில் கேட்டால் உண்மையான காரணம் வெளியே வரும். "டாக்டர் பேட் ஒட்டும்போது கையை எடுக்கணும்னு நெனச்சேன்" என்பார். அப்படியென்றால் திருத்த வேண்டியது அவர் வேகத்தை அல்ல, அந்த எண்ணத்தை.

கேட்டுவிட்டுப் பத்து நொடி வாயைத் திறக்காமல் இருப்பது பேச்சை நடத்துபவருக்குப் பெரிய சோதனை. மூன்றாவது நொடியிலேயே பதிலையும் தாமே சொல்லிவிடுகிறவர்கள்தான் அதிகம். மூத்த டாக்டர் முதலில் கருத்துச் சொல்லிவிட்டால் மற்றவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள்; எனவே அவரிடம் முன்கூட்டியே பேசி, கடைசியில் பேசச் சொல்வது நல்லது. "அண்ணே, நீங்க நின்ன இடத்துல இருந்து என்ன தெரிஞ்சுது?" என்று அட்டெண்டரிடம் கேட்டால், சிலிண்டர் சாவி பக்கத்து வார்டில் இருந்ததை அவர்தான் சொல்வார். அந்த வட்டத்தில் வேறு யாருக்கும் அது தெரிந்திருக்காது.

பேச்சை நடத்திய விதத்தை மதிப்பிட நல்ல மதிப்பெண் படிவங்கள் இருக்கின்றன. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் உருவான 'ஓசாட்' (OSAD) எட்டுத் தலைப்புகளுக்குத் தலா 1 முதல் 5 வரை மதிப்பெண் கேட்கிறது; மொத்தம் 40. 'டேஷ்' (DASH) என்ற இன்னொன்று ஆறு கூறுகளை ஏழு புள்ளி அளவில் பார்க்கிறது. சிக்கல் என்னவென்றால், சக ஊழியர் மனம் நோகக் கூடாதென்று எல்லாவற்றுக்கும் நான்கு போட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில், அதற்கு ஆதாரமாக நடத்துபவர் சொன்ன ஒரு வாக்கியத்தை அப்படியே எழுதவைத்தால் இது குறையும். பேச்சின் ஒரே வீடியோவை இருவர் தனித்தனியாக மதிப்பிட்டு, இரண்டு புள்ளிக்கு மேல் வித்தியாசம் வரும் இடங்களை மட்டும் பேசித் தீர்க்கலாம்.

எண்களைவிட எங்களுக்கு நம்பிக்கை தருவது ஒரு வரைபடம். பார்வையாளர் வட்டத்துக்கு வெளியே உட்கார்ந்து, யார் யாரிடம் பேசினார் என்று தாளில் கோடு போட்டுக்கொண்டே வர வேண்டும். எல்லாக் கோடும் நடத்துபவரிடமே போய் முட்டினால் அது கேள்வி-பதில் வகுப்பு. சிஸ்டருக்கும் டாக்டருக்கும் இடையே நேர்க்கோடு விழுந்தால்தான் கலந்துரையாடல். பங்கேற்றவர்களின் கருத்துத் தாளைப் பெயரில்லாமல், நடத்தியவர் அறையை விட்டுப் போன பிறகு வாங்க வேண்டும். அவர் முன்னால் யாரும் குறைத்துப் போட மாட்டார்கள்.

முடிவுகளை எழுதும்போது "அனைவரும் கவனமாக இருக்க வேண்டும்" என்ற வரியை ஏற்கவே கூடாது. சாவியைச் சங்கிலியில் கட்டுவது யார், எந்தத் தேதிக்குள் என்று எழுத வேண்டும். இரண்டு வாரம் கழித்து, முன்னறிவிப்பில்லாமல், இரவுப் பணி நேரத்தில் போய்ப் பாருங்கள். பகல் பணியில் முடிவானது இரவுப் பணிக்குப் போய்ச் சேராமல் இருப்பதுதான் அடிக்கடி நடக்கிறது.