தடித்த பருத்தித் தாளில் ஏ2 பிரின்ட்: மேற்பரப்பு அடிபடாமல் எடுப்பது எப்படி

300 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) மேற்பட்ட ஃபைன் ஆர்ட் தாளில் பிரின்ட் எடுக்கும்போது நிறம் பிசகுவதைவிட மேற்பரப்பு கெடுவதுதான் அதிகம். மூலையில் கறுப்புத் தீற்றல், வானத்தில் வெள்ளைப் புள்ளி, இருண்ட பகுதியில் ரோலர் தடம், எடுத்து வைக்கும்போது விழும் உரசல். நான்குக்கும் காரணம் வேறு வேறு. ஆனாலும் பெரும்பாலானவற்றின் விதை ‘பிரின்ட்’ பொத்தானை அழுத்துவதற்கு முன்பே விழுந்துவிடுகிறது. தாள் தட்டையாகவும் தூசியில்லாமலும் இருந்தால் பிரின்டரில் மாற்ற வேண்டியது மிகக் குறைவு. அது வளைந்திருந்தால் எந்த செட்டிங்கும் முழுதாகக் கைகொடுக்காது.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது ஹானெமூலெ போட்டோ ராக் 308 ஜிஎஸ்எம் தாளும் எப்சன் ஷ்யூர்கலர் பி900 பிரின்டரும். போட்டோ ராக் முழுக்கப் பருத்தி, மேட் பரப்பு, தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். பி900 மாடலில் 17 அங்குல அகலம் வரை தாள் போகும், ஆகவே ஏ2 தாராளமாக அடங்கும். போட்டோ பிளாக் (பளபளப்பான தாளுக்கான கறுப்பு), மேட் பிளாக் (மேட் தாளுக்கான கறுப்பு) இரண்டுக்கும் தனித்தனி நாசில் வரிசை, அதாவது மை தெளிக்கும் துளை வரிசை, இருப்பதால், கறுப்பு மையை மாற்றும்போது மை வீணாகும் பழைய தொல்லை இதில் இல்லை. வேறு தாள், வேறு பிரின்டர் வைத்திருப்பவர்களுக்கும் கீழே வரும் காரணங்கள் அப்படியே பொருந்தும், மெனுவின் பெயர்தான் மாறும்.

முதலில் ஈரப்பதம். பருத்தி இழை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி விரியும், வறண்டால் சுருங்கும். தாளின் ஒரு பக்கம் மை வாங்கும் கோட்டிங், மறுபக்கம் வெறும் பருத்தி. இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை, அதனால்தான் தாள் வளைகிறது. அறையின் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சென்னை போன்ற கடலோர ஊரில் ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் வெளியே 80 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். ஏசி ஓடும் அறைக்குள் அது சட்டென்று இறங்கும். வெளியிலிருந்து வந்த பெட்டியை உடனே பிரித்துத் தாளை உருவினால், கண்ணெதிரே மூலைகள் எழுந்துகொள்ளும். பெட்டியைப் பிரிக்காமல் பிரின்டர் இருக்கும் அறையிலேயே ஒரு நாள் வைத்திருங்கள். தேவையான தாளை மட்டும் எடுத்துவிட்டு மீதியை உள்ளுறையோடு மூடிவிடுங்கள். ஈரப்பதமானி ஒன்று வாங்கிப் பிரின்டர் பக்கத்திலேயே மாட்டுங்கள். இந்த வேலைக்கு ஆகும் செலவுகளில் இதுதான் மிகச் சிறியது, பலன் மிகப் பெரியது.

தாளைக் கையாளுவதிலும் முறை இருக்கிறது. ஏ2 தாளை ஒரு விளிம்பில் மட்டும் பிடித்துத் தூக்கினால், அதன் எடையே விரல்கள் இருக்கும் இடத்தில் பிறை வடிவத்தில் மடிப்பு விழ வைக்கும். பளபளப்பான பூச்சு கொண்ட பரைட்டா தாள்களில் இந்தப் பிறை போகவே போகாது. எதிரெதிர் மூலைகளை இரண்டு கையாலும் பிடித்து, நடுப்பகுதி மெல்லத் தொங்கும்படி தூக்க வேண்டும். மெல்லிய பருத்திக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். விரல் வியர்வை மேட் கோட்டிங்கில் கறையாக நின்றுவிடும். கோட்டிங் பக்கம் எது என்று சந்தேகம் வந்தால் லேசாக ஈரமாக்கிய விரலை ஒரு மூலையில் வைத்துப் பாருங்கள், கோட்டிங் பக்கம் சற்று ஒட்டும். பிறகு வெட்டிப் போடப் போகும் ஓரத்தில் மட்டும் இதைச் செய்யுங்கள்.

அடுத்தது வளைவு நீக்குவது. தாளைச் சுத்தமான மேசையில் கோட்டிங் மேலாகப் போட்டு, கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கி விளிம்புகளைப் பாருங்கள். நான்கு மூலையும் மேசையைத் தொட வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்கு மேல் எழும்பும் மூலையை அப்படியே உள்ளே விடக்கூடாது. பிரின்டர் ஹெட்டுக்கும் தாளுக்கும் இடையே இருப்பதே ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். ஓடும் ஹெட் எழும்பிய மூலையில் மோதினால் தாளில் கறுப்பாக இழுபடும், அதோடு பருத்தித் தூள் நாசிலின் அடியில் ஒட்டிக்கொள்ளும். தாள் கெடுவதைவிட இந்த இரண்டாவதுதான் அஞ்ச வேண்டியது. ஒட்டிய இழை அடுத்தடுத்த பிரின்ட்களிலும் கோடு இழுக்கும், மோதல் பலமாக இருந்தால் நாசில் தகடே பழுதாகும்.

ரோல் தாள் சுற்றி வரும் 3 அங்குல அட்டைக் குழாய் ஒன்றைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள். அதன்மேல் சுத்தமான மெல்லிய தாள் ஒரு சுற்று. ஃபைன் ஆர்ட் தாளைக் கோட்டிங் வெளிப்பக்கம் இருக்குமாறு குழாயில் மெதுவாகச் சுற்றி, பத்துப் பதினைந்து விநாடி பிடித்துவிட்டு விடுங்கள். திரும்ப மேசையில் போட்டுப் பாருங்கள். போதவில்லையென்றால் இன்னொரு தரம். அவசரப்பட்டு இறுக்கிச் சுற்றக் கூடாது. எதிர்ப்பக்கம் அதிகமாக வளைந்துவிட்டால் நடுப்பகுதி மேடாகி, மோதல் மூலையிலிருந்து நடுவுக்கு இடம் மாறும். விளிம்பு மேசையோடு படிந்து, நடுவில் உயரம் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாத அளவு வந்தால் சரி. பிடிவாதமான தாளை இரண்டு வழவழப்பான பலகைகளுக்கு நடுவே வைத்து, மேலே பாரம் ஏற்றி இரவு முழுக்க விட்டுவிடலாம். ஏ4 வெட்டுத்துண்டுகளுக்கு இந்த வழியே போதும், குழாய் வேண்டாம்.

இனி தூசி. மேட் பருத்தித் தாள்களில் மட்டும் வரும் சிக்கல் இது, பலரும் தவறாகப் புரிந்துகொள்வதும் இதைத்தான். பிரின்ட் வந்தபோது நன்றாக இருக்கும். மறுநாள் துடைத்தாலோ சட்டமிடும்போதோ இருண்ட பகுதியில் வெள்ளைப் புள்ளி தெரியும். மை தெளிக்கும் நேரத்தில் அந்த இடத்தில் ஒரு கோட்டிங் துகளோ பருத்தித் துகளோ உட்கார்ந்திருந்தது. மை அதன் தலையில் விழுந்தது. பிறகு துகள் உதிர, அடியில் மை படாத தாள் வெளிப்பட்டது. மையையோ பிரின்டரையோ குறை சொல்லிப் பயனில்லை.

அகலமான ஆட்டுமுடித் தூரிகை ஒன்று இதற்கென்றே தனியாக வேண்டும். தாளை நிமிர்த்தி, மேசைக்கு 60 பாகை அளவில் சாய்த்துப் பிடித்து, மேலிருந்து கீழாக ஒரே திசையில் மெல்ல வருடுங்கள். உதிர்வது தாளின் மேலேயே திரும்ப விழாமல் கீழே போய்விடும். நான்கு விளிம்பையும் பின்பக்கத்தையும் மறக்க வேண்டாம். வெட்டிய விளிம்பில்தான் தூள் அதிகம். இதைப் பிரின்டர் பக்கத்தில் செய்யாதீர்கள், அடுத்த அறை நல்லது. ரப்பர் ஊதுகுழல் உதவும். ஆனால் டப்பாவில் அடைத்த காற்று வேண்டாம், அதிலிருந்து திரவத் துளி தெறித்தால் கோட்டிங்கில் கறை விழும். மைக்ரோஃபைபர் துணியும் கூடாது, அது கோட்டிங்கையே தேய்த்துப் புதுத் துகளை உண்டாக்கும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் பிரின்டர் செட்டிங்.

மீடியா டைப் என்பது வெறும் பெயர் அல்ல. எந்தக் கறுப்பு, எவ்வளவு மை, ஹெட் எவ்வளவு உயரம், எந்த வழியாகத் தாள் நுழைய வேண்டும் என்பதெல்லாம் அதற்குள் இருக்கின்றன. தாள் நிறுவனம் ஐசிசி ப்ரொஃபைலோடு (அந்தத் தாளில் நிறம் சரியாக வரச் செய்யும் கோப்பு) தரும் குறிப்பில் சொல்லியிருக்கும் மீடியா டைப்பையே போடுங்கள். ஹெட் மோதுகிறது என்பதற்காக வேறு மீடியா டைப்புக்குத் தாவினால் மையின் அளவு மாறி, ப்ரொஃபைல் செல்லாக்காசாகிவிடும். மாற்ற வேண்டியது பிளாட்டன் கேப், அதாவது ஹெட்டின் உயரத்தை மட்டும். எப்சன் தரும் மீடியா இன்ஸ்டாலர் மென்பொருளில் அதே மீடியா டைப்பைப் பிரதி எடுத்து, தாளின் தடிமன், பிளாட்டன் கேப், காயும் நேரம் மூன்றையும் திருத்தித் தனிப் பெயரில் பிரின்டருக்குள் சேமிக்கலாம். ஒரு தாளுக்கு ஒரு பெயர் என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் தேட வேண்டியதில்லை.

பிளாட்டன் கேப்பை ஒரேயடியாக அகலமாக்கிவிட்டால் நிம்மதி என்று தோன்றும். அதற்கு விலை உண்டு. மைத்துளி அதிக தூரம் பறந்து வரும்போது இடம் தவறும். மெல்லிய கோடுகள் இரட்டிக்கும், சாம்பல் நிறச் சமதளம் பொரிப்பொரியாகத் தெரியும். ஒரு படி மட்டும் உயர்த்தி, அதே தாளின் ஏ4 துண்டில் சோதித்துப் பாருங்கள். கூர்மை குறைந்தால் ஹை ஸ்பீட் தேர்வை அணைத்துவிடுங்கள். அப்போது ஹெட் ஒரு திசையில் ஓடும்போது மட்டும் மை தெளிக்கும், நேரம் கூடும், துளி ஒழுங்காக விழும். ஹெட் அலைன்மென்டும், அதாவது துளிகள் விழும் இடத்தை ஒழுங்குபடுத்தும் வேலையும், ஒருமுறை செய்துவிடுவது நல்லது. வளைவை நீக்கிய தாளுக்கு இவை பெரும்பாலும் தேவைப்படாது.

கேனன் ப்ரோ-1000 வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் வசதி கூடுதல். அதில் தாளைக் கீழிருந்து காற்றால் உறிஞ்சிப் பிடிக்கும் அமைப்பு இருக்கிறது. தாள் உராய்வைத் தடுக்கும் செட்டிங் ஒன்றும் உண்டு, அது ஹெட்டை உயர்த்தும். பி900 மாடலில் அந்த உறிஞ்சல் கிடையாது, அதனால்தான் வளைவைப் பற்றி இத்தனை சொல்ல வேண்டியிருக்கிறது.

தாளைச் செலுத்த பி900 மாடலில் முன்பக்க நேர்வழியைப் பயன்படுத்துங்கள். 1.5 மில்லிமீட்டர் தடிமன் வரை அது ஏற்கும். தாள் எங்கும் வளையாமல் உள்ளே போய்த் திரும்பி வரும். பிரின்டர் தாளைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வதால், பின்னால் ஏ2 அளவுக்கு அரை மீட்டருக்குக் குறையாத இடம் விடுங்கள். சுவரை ஒட்டி வைத்த பிரின்டரில் தாளின் பின்விளிம்பு இடித்து நசுங்கும். திரையில் தேர்ந்தெடுக்கும் வழியும் டிரைவரில் தேர்ந்தெடுக்கும் வழியும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பிரின்டர் வேலையை நிறுத்திவிடும். தாளை வைக்கும்போது கோணல் இருந்தால் தள்ளிச் சரிசெய்யாதீர்கள், வெளியே எடுத்து மறுபடி வையுங்கள்.

அதற்கு முன் சாதாரணத் தாளில் நாசில் செக், அதாவது எல்லாத் துளையிலிருந்தும் மை வருகிறதா என்று பார்க்கும் சோதனை. பிறகு வெற்றுத் தாள் ஒன்றை உள்ளே அனுப்பி வெளியே எடுத்து, முன்னும் பின்னும் பாருங்கள். மைத் தடம் இருந்தால் ரோலரிலோ பிளாட்டனிலோ (ஹெட்டின் கீழே தாளைத் தாங்கும் தளம்) பழைய மை இருக்கிறது. சுத்தமாக வரும்வரை வெற்றுத் தாள்களை அனுப்புங்கள். ஓரமில்லாத பிரின்ட் எடுக்கும் பழக்கம் இருந்தால் இந்த அழுக்கு அடிக்கடி வரும். பருத்தித் தாளில் ஓரமில்லாமல் அடிப்பதை நாங்கள் செய்வதே இல்லை. விளிம்பில்தான் வளைவும் தூளும் அதிகம், தாளின் பின்முனை ரோலரை விட்டு நழுவும் இடத்தில் நகர்வு மாறிப் பட்டையும் விழும். நான்கு பக்கமும் 25 முதல் 30 மில்லிமீட்டர் வெள்ளை விடுங்கள். பின்முனையில் இன்னும் கொஞ்சம் விட்டாலும் தப்பில்லை. சட்டமிடுபவர் பிடிக்கவும் மவுன்ட் போடவும் அந்த வெள்ளை வேண்டும்.

ஓடும்போது பிரின்டரை விட்டு நகராதீர்கள். முதல் சில சென்டிமீட்டரும் கடைசிச் சில சென்டிமீட்டரும்தான் ஆபத்தான இடங்கள். ‘டக்’ என்றோ காகிதம் உரசுவது போலவோ சத்தம் கேட்டால் திரையில் ரத்து செய்யுங்கள், தாளைக் கையால் இழுக்க வேண்டாம். வெளியே வந்ததும் நாசில் செக் ஒன்று எடுத்துவிட்டுத்தான் அடுத்த தாள். நடுவில் மோதினால், மூலையைப் பார்ப்பதில் பயனில்லை. மை அதிகம் விழுந்த இடம் நனைந்து விரிந்து மேடாகியிருக்கும். அதற்கு மருந்து ஒவ்வொரு ஓட்டத்துக்கும் இடையே காயும் நேரத்தைக் கூட்டுவது. கலர் டென்சிட்டியைக் குறைப்பதும் வேலை செய்யும், ஆனால் ப்ரொஃபைலைப் பாதிக்கும் என்பதால் அது கடைசி வழி.

பரைட்டா, சாட்டின் தாள்களில் இன்னொரு வகைச் சேதம் உண்டு. தாளை வெளியே தள்ளும் பல்சக்கரங்கள் ஈரமான பரப்பில் ஒரே நேர்கோட்டில் சிறு சிறு குழிகளைப் பதிக்கும். நேராகப் பார்த்தால் தெரியாது. டார்ச் ஒளியைப் பரப்போடு ஒட்டிச் சாய்வாக அடித்தால் பளிச்சென்று தெரியும். இதற்கும் நேர்வழியும் நீண்ட காயும் நேரமும்தான் தீர்வு. விழுந்த பிறகு சரிசெய்ய வழியில்லை, மறு பிரின்ட்தான்.

வெளியே வந்த பிரின்ட் தொட்டால் காய்ந்தது போலிருக்கும், அதை நம்ப வேண்டாம். மேட் கறுப்பு தாளின் பரப்பிலேயே தங்குவதால் நகம் லேசாகப் பட்டாலும் பளபளக்கும் கோடு விழும். அரை மணி நேரம் முகம் மேலாகத் தட்டையாக வையுங்கள். பிறகு கோட்டிங் இல்லாத வெற்றுத் தாளை மேலே போட்டு ஒரு நாள் விடுங்கள், இடையில் ஒரு முறை அந்தத் தாளை மாற்றுங்கள். மையிலுள்ள கிளைகால் என்ற மெதுவாகக் காயும் திரவம் ஆவியாகி வெளியேற இந்த அவகாசம் தேவை. இல்லாவிட்டால் கண்ணாடிச் சட்டத்தின் உள்பக்கம் மங்கலான படலம் படியும். அடுக்கி வைக்கும்போது ஒன்றின்மேல் ஒன்றை நகர்த்தாமல், தூக்கி வைத்து, ஒவ்வொன்றுக்கும் நடுவே அமிலமற்ற டிஷ்யூ இடுங்கள். அடிக்கடி கைமாறப் போகும் பிரின்ட்டுக்குப் பாதுகாப்பு ஸ்ப்ரே மெல்லிய பூச்சாக இரண்டு தரம் போடலாம், முழுக்கக் காய்ந்த பிறகு, காற்றோட்டமான இடத்தில்.

வெள்ளைப் புள்ளி ஒன்றிரண்டு தப்பி வந்துவிட்டால் மேட் தாளில் சரிசெய்யலாம். துகள் உதிர்ந்த இடத்தில் கோட்டிங்கும் போயிருக்கலாம், அங்கே ஈரமான மை இழைகளில் பரவிப் பெருங்கறையாகும். நிறம் பொருந்தும் நல்ல கலர் பென்சிலைக் கூராக்கித் தொட்டுத் தொட்டு நிரப்புங்கள். தூரிகைதான் வேண்டுமென்றால் மிக மெல்லியதை, ஏறக்குறைய உலர்ந்த நிலையில், வேண்டியதைவிட ஒரு நிழல் வெளிறிய நிறத்தில் தொடங்குங்கள். இருட்டாக்குவது எப்போதும் முடியும், வெளிற வைப்பது முடியாது.