அம்மம்மாவின் சாவி

2025 பெப்ரவரி 9, ஞாயிறு

மகளுக்குச் சாதாரண தரச் சோதினை மார்ச் 17இல் தொடங்குகிறது. கணிதமும் விஞ்ஞானமும் அவள் பாடு. ஆங்கிலத்துக்கும் ஆங்கில இலக்கியத்துக்கும் நான் பக்கத்தில் இருக்க வேண்டுமாம். கந்தோரில் கடிதம் எழுதுகிற ஆங்கிலம்தான் எனக்குத் தெரியும். இலக்கியம் நான் படித்ததே இல்லை. சரி, சேர்ந்து படிப்போம் என்று உட்கார்ந்தேன்.

ஆங்கில வினாத்தாளின் கடைசிக் கேள்வி 200 சொற்களில் எழுதுவது. கதையைத் தெரிவுசெய்தாள். ரியூசனில் கொடுத்த முதல் வரி: ‘அந்தப் பழைய சாவி எந்தக் கதவுக்கு உரியது என்று எனக்குத் தெரியவில்லை.’ ஜோன் என்றொரு பையன், புயல் அடிக்கும் இரவு, காட்டுக்குள் மாளிகை, புதையல் என்று எழுதியிருந்தாள். இலக்கணப் பிழை இரண்டே இரண்டு. வாசித்து முடித்ததும் ஒன்றுமே மனதில் நிற்கவில்லை.

“ஜோன் காலமை என்ன சாப்பிடுவான்?”

“எனக்கென்னண்டு தெரியும் அம்மா? இதைப் பாடமாக்கினா எந்தத் தலைப்பு வந்தாலும் மாத்தி எழுதலாம் எண்டு சொன்னவை.”

அந்த வகுப்பில் இருக்கிற அத்தனை பிள்ளைகளும் ஜோனைத்தான் எழுதப் போகிறார்கள். எனக்கு மெய்யாகவே கோபம் வந்தது. பிள்ளைகளிடம் சொல்ல எவ்வளவோ இருக்கிறது.

பெப்ரவரி 13, வியாழன்

இன்று ஆங்கிலக் கவிஞர் டெனிசனின் ‘த ஈகிள்’, கழுகைப் பற்றிய கவிதை. மொத்தம் ஆறே வரி, மூன்று மூன்றாக. ஒவ்வொரு மூன்று வரியும் ஒரே ஓசையில் முடிகிறது. முதல் வரியில் ‘க’ ஓசை திரும்பத் திரும்ப வருகிறது. “இது எங்கட மோனை மாதிரி எல்லோ” என்றாள். ஓம், அதேதான். ஆனால் ‘இங்கே மோனை இருக்கிறது’ என்று எழுதிவிட்டுப் போனால் போதாது. அந்த வல்லோசை பாறையை இறுக்கிப் பிடிக்கிற பிடியைக் காதில் கேட்க வைக்கிறது என்று எழுத வேண்டும்.

கழுகின் கால்களைக் கவிஞர் கைகள் என்கிறார். கடலைச் சுருக்கம் விழுந்தது என்கிறார். இந்தச் சுருக்கத்தில்தான் நாங்கள் அரை மணித்தியாலம் நின்றோம். கசூரினாக் கடற்கரையில் நின்று பார்த்தால் அலை தெரியும், சுருக்கம் தெரியாது. அப்படியானால் எவ்வளவு உயரத்திலிருந்து பார்க்க வேண்டும்! கழுகு இருக்கிற உயரத்தை அந்த ஒரு சொல்லே சொல்லிவிடுகிறது. மகள் கொப்பியில் எழுதாமல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அது எனக்குப் பிடித்திருந்தது.

பெப்ரவரி 16, ஞாயிறு

கிணற்றடியில் பனங்கிழங்கு அவித்தோம். அதையே பத்து வரியில் ஆங்கிலத்தில் எழுது என்றேன். ஒடியலுக்கு ஆங்கிலம் தேடி அகராதியைப் புரட்டினாள். ஒடியலை ஒடியல் என்றே எழுதி, அவிக்காமல் பிளந்து வெயிலில் காயவைத்த கிழங்கு என்று பக்கத்தில் ஒரு வரி போட்டால் வாசிக்கிறவருக்கு விளங்கும். அவித்த கிழங்கின் நடுநரம்பை இழுத்து எறிகிறதை அவள் எழுதிய விதம் நல்ல வடிவு.

பெப்ரவரி 26, புதன், சிவராத்திரி

இரவு முழுக்க விழிப்பு. கோயிலால் வந்து, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு யாஸ்மின் குணரத்னவின் ‘பிக் மட்ச் 1983’ஐ எடுத்தோம். தமிழருக்கு எதிரான 83 கலவரத்தைப் பற்றிய கவிதை.

தலைப்பைப் பார்த்ததும் மகளுக்கு யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களான சென்ட்ரலும் சென்ற் ஜோன்ஸும் 1904இலிருந்து ஆடும் ‘வடக்கின் போர்’ கிரிக்கெட் போட்டிதான் ஞாபகம் வந்தது. அந்த நினைப்பு பிழையில்லை. இரண்டு பக்கமாகப் பிரிந்து நிற்கிற போட்டி என்பதும் அந்தத் தலைப்புக்குள் இருக்கிறது. ஆனால் ‘மட்ச்’ நெருப்புக்குச்சியும்தான். நெருப்பை மூட்டிய குச்சி எது என்று கவிதை பின்னோக்கித் தேடிப் போகிறது. 48, 56 என்று வருடங்கள் வருகின்றன. 56 என்றால் என்ன என்று கேட்டாள். சிங்களம் மட்டும் ஆட்சிமொழியான சட்டத்தைச் சொன்னேன். அது தெரியாமல் இந்தக் கவிதைக்கு விடை எழுத முடியாது.

தமிழ் நண்பர் ஒருவர் தொலைபேசியில் பேசுகிற இடம் வருகிறது. உங்களால் எங்களுக்கு ஒன்றும் செய்ய முடியாது, ஆனாலும் சில லைன்கள் இன்னும் அறுக்கப்படவில்லை என்று அறிவது நல்லது என்கிறார். அதில் லைன் என்பது தொலைபேசிக் கம்பி மட்டுமா?

என் மாமா அந்தக் கலவர நேரம் கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்தவர். மூன்று நாள் ஒரு சிங்கள வீட்டுக்காரர் அவரை ஒளித்து வைத்திருந்தார். பிறகு கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார். இதை மகளுக்கு இவ்வளவு காலமும் நான் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். நேரம் வரவில்லை என்றேன். அது முழுப் பதில் இல்லை என்று எனக்கும் தெரியும்.

மார்ச் 2, ஞாயிறு

ஜோனை விட்டுவிட்டாள். அதே முதல் வரிக்கு வேறு கதை வேண்டுமென்று அம்மம்மாவிடம் போய் இருந்தாள். என் அம்மா சொல்லத் தொடங்கினார். 1995 ஒக்ரோபர் 30, போரால் யாழ்ப்பாணத்தை விட்டுச் சனம் முழுக்க வெளியேறிய நாள். எனக்குப் பதினைந்து வயது. மழை, செம்மணி வீதி முழுக்கச் சனம், ஒரு அடி வைக்க எவ்வளவோ நேரம். அம்மா வீட்டைப் பூட்டி, சாவியைக் கொட்டப்பெட்டிக்குள் வைத்து மடியில் செருகினவர். கொடிகாமத்தில் இருந்த அத்தனை மாதமும் அது அவர் மடியிலேயே இருந்தது. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது வீட்டில் கதவு இல்லை. யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

மகள் இரவே எழுதினாள். 261 சொல்.

மார்ச் 8, சனி

வெட்டினோம். இதுதான் கஷ்டமான வேலை. ‘மிக மிகத் துயரமாக’ என்று மூன்று இடத்தில் இருந்தது. மூன்றையும் எடுத்துவிட்டு, அம்மம்மா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார் என்று ஒரு வரி விட்டோம். துயரம் அதற்குள்ளேயே இருக்கிறது. கொட்டப்பெட்டியைச் சிறிய பனையோலைப் பை என்று விளக்கினாள். நடந்து போன நாளின் வர்ணனையில் பாதி போயிற்று. அவளுக்கு அழுகை வரும் போலிருந்தது, எனக்கும் மனமில்லை. ஆனால் கதை சாவியுடையது. 198இல் நின்றது.

சோதினையில் இதே வரி வராது. வராவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். “எங்கட வீட்டில இருந்து தொடங்குவன்” என்றாள்.

மார்ச் 15, சனி

பேனை, அடையாள அட்டை, அனுமதி அட்டை எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. பின்னேரம் மகள் கதையைத் தமிழில் சொல்லிச் சொல்லி அம்மம்மாவுக்கு வாசித்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“கதவு மட்டுமில்லைப் பிள்ளை, நிலையையும் கழட்டிக்கொண்டு போட்டாங்கள். அதையும் எழுது.”

நிலைக்கு ஆங்கிலம் என்ன என்று மகள் என்னைப் பார்த்தாள். சொன்னேன். பென்சிலால் சேர்த்து, திரும்ப எண்ணினாள். 203.

“கூடிப்போச்சு அம்மா. பரவாயில்லை, இருக்கட்டும்.”