குளிசை நேரமும் சாப்பாட்டு நேரமும்

பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா குளிசை எடுக்கத் தொடங்கிய முதல் சில ஆண்டுகளில், ஒரு குளிசையின் பலன் அடுத்த குளிசை வரை நீடித்தபடியால், உணவைப் பற்றி யோசிக்க வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. பின்னர், காலைக் குளிசை நன்றாக வேலை செய்யும் நாட்களிலும் மதியக் குளிசை எடுத்ததற்கான அடையாளமே இல்லாமற் போகத் தொடங்கியது. அந்த நேரங்களில் கால் நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும். சட்டைத் தெறியை இரண்டு விரல்களும் பிடித்திருக்கும், ஆனால் அதைத் துளைக்குள் தள்ள அவற்றால் இயலாது.

கிளினிக்கில் வைத்தியர் மருந்தைக் கூட்டுவதற்கு முன்னர், குளிசை எடுத்த நேரம், சாப்பிட்ட நேரம், சாப்பாட்டில் இருந்தவை, உடம்பு இலகுவான நேரம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதிவரச் சொன்னார். இந்த நோயால் என் கையெழுத்து மிகவும் சிறுத்துவிட்டதால் என் மனைவியே அதை எழுதினார். காரணத்தை முதலில் கண்டவரும் அவரே: "இஞ்சாருங்கோ, மத்தியானம் மீனும் பருப்பும் சாப்பிட்ட நாளிலதான் பின்னேரம் இப்பிடி இருக்கிறியள்."

வைத்தியரின் விளக்கம் அதற்குப் பொருந்தியது. லெவோடோபா சிறுகுடலிலிருந்து இரத்தத்துக்கும், இரத்தத்திலிருந்து மூளைக்கும் செல்வதற்குப் பயன்படுத்தும் அதே கடத்திகளையே, அதாவது தன்னை ஏற்றிக் கொண்டுபோகும் அதே வழிகளையே, புரதம் சமிபாடடைந்து உருவாகும் சில அமினோ அமிலங்களும் பயன்படுத்துகின்றன. புரதம் மிகுந்த சாப்பாட்டோடு குளிசை எடுத்தால் மருந்து பின்தள்ளப்படுகிறது. எனவே, குளிசையைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னரோ ஒரு மணித்தியாலம் பின்னரோ எடுக்கவும், பகலில் புரதத்தைக் குறைத்து நாளின் பெரும்பங்கை இரவுக்கு மாற்றவும் அவர் சொன்னார். புரதத்தின் மொத்த அளவைக் குறைக்கக் கூடாது என்பதையும், உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 0.8 முதல் 1 கிராம் வரை தேவை என்பதையும் அழுத்திச் சொன்னார். இந்த நோயில் உடல் மெலிவது சாதாரணமாக நடப்பது; ஆகவே ஒவ்வொரு கிளினிக்கிலும் நிறை பார்க்கிறார்கள்.

வீட்டில் காலையில் இடியப்பமும் சொதியும், அல்லது குரக்கன் புட்டும் வாழைப்பழமும் தொடர்ந்தன. சொதிக்கு முதற்பாலைக் குறைத்தோம், ஏனெனில் கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையில் நெடுநேரம் தங்கி மருந்தையும் தாமதப்படுத்தும். மதியம் சோற்றோடு கத்தரிக்காய், பூசணி, கீரை, ரசம் என்று நின்றுகொண்டோம். மீன், முட்டை, பருப்பு எல்லாம் இரவுக்குப் போயின. மிகவும் கடினமாயிருந்தது ஒடியற்கூழ்தான். மீனும் நண்டும் இறாலும் பயித்தங்காயும் பலாக்கொட்டையும் போட்டுக் காய்ச்சி, மதியத்தில் எல்லோரும் சுற்றியிருந்து குடிக்கும் உணவு அது. அதைப் பொழுதுபட்ட பின் காய்ச்சும்படி பிள்ளைகளிடம் கேட்டேன்; முகம் கோணாமல் ஒப்புக்கொண்டார்கள். விழுங்குவதில் எனக்குச் சிறிது தடுமாற்றம் இருப்பதால், முள்ளும் ஓடும் நீக்கி, நிமிர்ந்து உட்கார்ந்து, சிறிது சிறிதாகக் குடிக்கிறேன்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. இரவுக் குளிசையின் பலன் குறைவதால் படுக்கையில் புரண்டு படுப்பது சிரமமாகிறது. ஆயினும் பகலில் சந்தைக்கு நடந்து போய்வர முடிகிறது என்பதால் அந்த மாற்றத்தை நான் விரும்பியே ஏற்றுக்கொண்டேன். மருந்தின் பலன் ஏறி இறங்காதவர்களுக்கு இம்முறை தேவைப்படாமலும் இருக்கலாம். இது நோயை நிறுத்துவதில்லை. மருந்து மூளைக்குச் சென்றுசேர உதவுகிறது, அவ்வளவே.

உறவினர்கள் அன்போடு பூனைக்காலி விதைத் தூள் கொண்டுவந்து தந்தார்கள். அவ்விதையில் லெவோடோபா உண்மையாகவே இருக்கிறது என்பதுதான் என் தயக்கத்துக்குக் காரணம்: ஒரு கரண்டித் தூளில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் குளிசைக்கு மேல் அதையும் சேர்த்தால், உடம்பு தன்பாட்டில் முறுகி அசையும் நிலை வரக்கூடும். வைத்தியரைக் கேட்காமல் யாரும் அதைத் தொட வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். இரும்புச்சத்துக் குளிசையும் லெவோடோபாவின் உறிஞ்சலைக் குறைப்பதால் இரண்டையும் வெவ்வேறு நேரங்களிலேயே எடுக்கிறேன்.

நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் எங்கள் வீட்டில் மச்சம் (மீன், இறைச்சி) இல்லை. அந்நாட்களில் இரவுக்குப் பயறும் கடலையும் உழுத்தம்மாப் புட்டும் தயிரும் வைத்து மனைவி ஒரு பட்டியல் எழுதியிருக்கிறார். அடுத்த கிளினிக்குக்குக் கொப்பியோடு அதையும் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டவிருக்கிறோம்.