மூணு ப்ரொபசர், ஒரு அமெரிக்கா, நடுவுல நான்

போன செமஸ்டர் "உலகத்துல அமெரிக்கா"ன்னு ஒரு கோர்ஸ் எடுத்தேன். பெரிய ஆர்வமெல்லாம் இல்லங்க, என் மேஜர் கம்ப்யூட்டர், வெளி டிபார்ட்மெண்ட் கிரெடிட் ஒண்ணு பாக்கி, இதுல எக்ஸாம் கிடையாது பேப்பர் மட்டும்தான்னு போட்டிருந்துச்சு, சரி ஈஸின்னு நெனச்சு சேந்துட்டேன்.

ஹிஸ்டரி, பொலிட்டிகல் சயின்ஸ், மீடியான்னு மூணு பேர் சேர்ந்து நடத்துறாங்க. 1948 மார்ஷல் திட்டம்னா, அதாவது ஐரோப்பா மறுபடி எழுந்து நிக்க அமெரிக்கா குடுத்த உதவின்னா, ஹிஸ்டரி மேடம் போருக்கப்புறம் ஐரோப்பா கெடந்த நெலமையிலிருந்து ஆரம்பிப்பாங்க, பொலிட்டிகல் சயின்ஸ் சார் கம்யூனிசம் பரவாம இருக்கத்தான்ம்பாரு, மீடியா மேடம் எதுவும் சொல்லாம அந்தத் திட்டத்துக்காக எடுத்த பிரச்சாரப் படத்த போட்டுக் காட்டுவாங்க. யார் சொல்றத எழுதினா மார்க் விழும்னு ரெண்டு வாரம் முழிச்சேன்.

முதல் பேப்பர்ல ஜோசப் நைங்கிற அறிஞர் சொன்ன சாஃப்ட் பவர் (மெரட்டாம, ஈர்ப்பாலயே மத்த நாடுகள தன் பக்கம் இழுக்கிறது), ஹாலிவுட், ஜீன்ஸ்னு எல்லாத்தையும் அள்ளிக் கொட்டி "உலகமே அமெரிக்காவ வியந்து பார்த்தது"ன்னு முடிச்சேன். சி வந்துச்சு. ஓரத்துல நாலு எடத்துல ஒரே கேள்வி, "யாரு கண்ணுல?"

நேர்ல போய் கேட்டப்ப ஹிஸ்டரி மேடம், ஒரே வருஷம் ஒரே சம்பவம் எடுத்துக்கோ, நாடு முழுசையும் தூக்காதேன்னாங்க. அப்படி மாட்டினதுதான் 1957. அரசாங்கம் தன்னோட நல்ல முகமா ஜாஸ் கலைஞர்கள வெளிநாட்டுக்கு அனுப்பிட்டிருந்த காலம் அது, லூயி ஆம்ஸ்ட்ராங்க சோவியத் யூனியனுக்கு அனுப்ப பேச்சு ஓடுது, அதே செப்டம்பர்ல லிட்டில் ராக்ல ஒம்பது கறுப்பின பசங்கள வெள்ளக்காரப் பசங்க படிச்ச ஸ்கூலுக்குள்ள விடாம ஆர்கன்சா மாநில கவர்னர் நேஷனல் கார்டுங்கிற மாநிலப் படைய நிறுத்துறாரு, ஆம்ஸ்ட்ராங் நான் சோவியத்துக்குப் போக மாட்டேன்னு பத்திரிகைக்கே சொல்லிட்டாரு. அந்தப் பசங்கள உள்ள விட ராணுவத்த அனுப்பினப்ப ஜனாதிபதி ஐசனோவர் டிவியில பேசினத படிச்சேன், நம்ம எதிரிங்க இத வெச்சு சந்தோஷப்படுறாங்கன்னு அவரே சொல்றாரு! அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே, 1952ல, ஸ்கூல்கள்ல இனம் பார்த்துப் பிரிக்கிறத எதிர்த்த பிரவுன் கேஸ்ல நீதித்துறை அமைச்சகம் இனப் பாகுபாடு வெளியுறவுக்கே கெடுதல்னு சுப்ரீம் கோர்ட்ல எழுதிக் கொடுத்திருக்கு. இத பார்த்தப்புறம்தான் மூணு பேரும் ஏன் ஒரே கிளாஸ்ல நிக்கிறாங்கன்னு எனக்கு ஒறச்சுது.

குரூப் பிரசன்டேஷன் பத்தி பேச வேண்டாம், ஒருத்தன் கடைசி நாள்தான் ஸ்லைடையே தொறந்தான்.

ஃபைனல் பேப்பருக்கு பி பிளஸ். சோவியத் பத்திரிகைங்க லிட்டில் ராக்க பெருசாக்கிச்சுன்னு ஒரு பாரா எழுதியிருந்தேன், அதுக்குப் பக்கத்துல "அந்தப் பத்திரிகைய நீ படிச்சியா, இல்ல அமெரிக்கப் பத்திரிகை சொன்னதா?"ன்னு கேட்டிருந்தாங்க. அமெரிக்கப் பத்திரிகை சொன்னதுதான். எனக்கு ரஷ்யன் எங்க தெரியும்.